பழைய போன், ஓடாத கணினி, உப்பிய பேட்டரி: எங்கே கொடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்கழிவு சேகரிப்பு முகாம்களில் தன்னார்வலராக உட்கார்ந்து, பழைய போன்களையும் ஒயர் மூட்டைகளையும் வாங்கி எடை போட்ட அனுபவத்தில் இதை எழுதுகிறேன். வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: "இங்கிருந்து இது எங்கே போகிறது?" அதையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

எவையெல்லாம் மின்கழிவு?

பிளக், பேட்டரி, மின்சுற்றுப் பலகை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே அது மின்கழிவுதான். கணினி, டிவி, போன் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. தவறிப்போவது சின்னச் சாமான்கள்: மின்சாரப் பல்துலக்கி, ரிமோட், நடக்கும்போது மினுக்கும் குழந்தைச் செருப்பு, திறந்தால் பாடும் வாழ்த்து அட்டை, மின்சிகரெட். உலகில் சேரும் மின்கழிவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தச் சிறு சாமான்கள்தான். முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போவதில் மிகவும் பின்தங்கியிருப்பவற்றுள் இவையும் உண்டு. நூறில் பன்னிரண்டு மட்டுமே போகின்றன.

பொருளின் அடியிலோ முதுகிலோ குப்பைத்தொட்டியின் மேல் குறுக்குக்கோடு போட்ட படம் இருக்கிறதா என்று பாருங்கள். "இதைச் சாதாரணக் குப்பையில் போடாதே" என்பது அதன் பொருள். ஐரோப்பியச் சட்டத்துக்காக வந்த அடையாளம் என்றாலும் உலகெங்கும் விற்கும் பொருட்களில் அதைக் காணலாம். தொட்டிக்குக் கீழே தடித்த பட்டை ஒன்று இருந்தால், அந்தப் பொருள் 2005 ஆகஸ்ட் 13க்குப் பிறகு சந்தைக்கு வந்தது.

ஒரே ஒரு பழைய போனுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

ஒரு போனில் இருக்கும் தங்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். பத்து லட்சம் போன்களைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்குப்படி அவற்றிலிருந்து சுமார் 16,000 கிலோ செம்பு, 350 கிலோ வெள்ளி, 34 கிலோ தங்கம், 15 கிலோ பல்லேடியம் எடுக்கலாம்.

இது காகிதக் கணக்கு அல்ல என்பதற்கு டோக்கியோ 2020 ஒலிம்பிக் சாட்சி. 2017 ஏப்ரலிலிருந்து 2019 மார்ச் வரை ஜப்பானியர்களிடமிருந்து சுமார் 79,000 டன் பழைய சிறு கருவிகளைத் திரட்டினார்கள். அவற்றில் 62 லட்சம் கைபேசிகளும் இருந்தன. கிடைத்த 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலத்துக்கான உலோகம் ஆகியவற்றைக் கொண்டு ஏறத்தாழ 5,000 பதக்கங்களையும் செய்து முடித்தார்கள். கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் "என் ஒரு போனால் என்ன ஆகப்போகிறது" என்று நினைக்கக்கூடியவர்கள்தான்.

மறுபக்கமும் உண்டு. 2022இல் உலகம் 6.2 கோடி டன் மின்கழிவை உருவாக்கியது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே என்றும் ஐ.நா. அமைப்புகள் 2024இல் வெளியிட்ட உலக மின்கழிவு அறிக்கை சொல்கிறது. எஞ்சியதில் ஒரு பகுதி குப்பைமேட்டில் இருக்கும். ஒரு பகுதி யாரோ எரித்துச் செம்பு எடுக்கும் இடத்தில் இருக்கும். இன்னொரு பகுதி நம் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

சரி, அருகில் இருக்கும் இடத்தை எப்படித் தேடுவது?

பலரும் முதலில் செய்வது வரைபடச் செயலியைத் திறந்து "ரீசைக்கிளிங்" என்று தட்டுவது. நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். அந்தப் புள்ளிகளில் பழைய இரும்புக் கடையும் இருக்கும், போன் பழுது பார்க்கும் கடையும் இருக்கும், மூன்று ஆண்டுகளுக்கு முன்பே மூடிய மையமும் இருக்கும். மூன்றையும் ஒரே நிறத்தில்தான் காட்டும்.

முதலில் உங்கள் உள்ளாட்சியின் இணையதளத்தில் திடக்கழிவுப் பகுதியைப் பாருங்கள். "மின்கழிவு" என்ற தலைப்பு இல்லையென்றால் கைவிட்டுவிடாதீர்கள். பல ஊர்களில் பெயின்ட், பூச்சிக்கொல்லி, காலாவதியான மருந்து ஆகியவற்றோடு "அபாயகரமான வீட்டுக் கழிவு" என்ற தலைப்புக்குள் இதையும் ஒளித்து வைத்திருப்பார்கள். ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள் நடக்கும் சேகரிப்பு முகாம்களின் தேதியும் அங்கேதான் கிடைக்கும். அக்டோபர் 14 சர்வதேச மின்கழிவு தினம். 2018 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தை ஒட்டி முகாம்கள் கூடுதலாக நடப்பதுண்டு.

அடுத்து, உங்கள் நாட்டின் சுற்றுச்சூழல் அல்லது மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளர் பட்டியல். பட்டியலைத் திறந்தவுடன் பலருக்குச் சலிப்பு வரும். எல்லாம் தொழிற்பேட்டையில் இருக்கும் ஆலைகள், ஒரு போனை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்க முடியாது. ஆனால் தொலைபேசியில் அழைத்து ஒன்று கேட்கலாம்: "என் பகுதியில் உங்களுக்காகச் சேகரிப்பவர் யார்?" இந்த ஒரு கேள்வியால் எனக்குக் கிடைத்த இடங்கள், தேடுபொறி காட்டியவற்றைவிட நம்பகமானவை. ஆலையின் வாயிலிருந்தே வரும் பெயர் என்பதால், நீங்கள் கொடுக்கும் பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது, பொருளைச் செய்த நிறுவனம். விற்ற பொருளின் ஆயுள் முடிந்த பிறகும் அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு என்று பல நாடுகள் சட்டம் செய்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 20 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கதை. இந்தியாவில் 2012இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன; இப்போதுள்ள விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் செல்லுபடியாகின்றன. சிங்கப்பூரில் 2021 ஜூலையில் தொடங்கியது. நிறுவனத்தின் இணையதளத்தில் இந்தத் தகவல் ஒருபோதும் முகப்பில் இருக்காது. பக்கத்தின் அடிமட்டத்துக்குப் போய், பொடி எழுத்தில் "சுற்றுச்சூழல்" அல்லது "மறுசுழற்சி" என்று இருப்பதை அழுத்துங்கள்.

நான்காவது, மின்சாதனக் கடைகள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, மின்சாதனங்களுக்கென 400 சதுர மீட்டருக்குக் குறையாத விற்பனைப் பரப்பு வைத்திருக்கும் கடை, 25 சென்டிமீட்டருக்கு உட்பட்ட சிறு கருவிகளைப் புதிதாக எதுவும் வாங்கச் சொல்லாமல் இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு கட்டாயம் இல்லாத நாடுகளிலும் பெரிய கடைகளின் நுழைவாயிலில் பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கேட்டால்தான் காட்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

போவதற்கு முன் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

கட்டாயம் ஒரு முறை அழைத்துப் பேசுங்கள். பழைய குழாய் டிவியை முதுகொடியத் தூக்கிக்கொண்டு வந்து, "இங்கே டிவி எடுப்பதில்லை" என்று கேட்டுத் திரும்பியவர்களின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்தெந்தப் பொருளை எடுப்பார்கள், தனி நபரிடம் வாங்குவார்களா அல்லது நிறுவனங்களிடம் மட்டுமா, கட்டணம் உண்டா, உப்பிய பேட்டரியை ஏற்பார்களா, தரவை அழித்ததற்குச் சான்று தருவார்களா என்று கேளுங்கள். கடைசியாக, "நீங்களே பிரிக்கிறீர்களா, அல்லது வேறு யாருக்காவது அனுப்புகிறீர்களா? யாருக்கு?"

அந்தக் கடைசிக் கேள்வி எதற்கு? பெட்டியில் போட்டால் நம் வேலை முடிந்ததுதானே?

பெட்டியில் போடுவதோடு முடிகிறது என்று நம்பித்தான் எல்லோரும் வீட்டுக்குப் போகிறோம். பாசல் செயல் வலையமைப்பு என்ற கண்காணிப்பு அமைப்பு அமெரிக்காவில் சுமார் 200 பழைய அச்சுப்பொறிகளுக்கும் திரைகளுக்கும் உள்ளே இருப்பிடம் காட்டும் கருவியை மறைத்து வைத்துச் சேகரிப்பு மையங்களிலும் நன்கொடைக் கடைகளிலும் கொடுத்தது. 2016இல் முடிவை வெளியிட்டார்கள்: சுமார் மூன்றில் ஒரு பங்கு கருவிகள் கடல் கடந்திருந்தன. பெரும்பாலானவை ஹாங்காங்கில் தகரவேலிக்குப் பின்னால் இருந்த பட்டறைகளில் கிடந்தன. கொடுத்த இடங்களில் பலவற்றில் "பொறுப்பான மறுசுழற்சி" என்ற பலகை தொங்கியிருக்கும்.

அந்த வழியில் போகும் பொருளுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு ஊர்ப்பெயர்கள் போதும். சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் குய்யூ. கானாவின் தலைநகர் அக்ராவில் அக்போக்ப்ளோஷி. ஒயரின் பிளாஸ்டிக் உறையை எரித்துச் செம்பு எடுப்பது, மின்சுற்றுப் பலகையை அடுப்பில் வாட்டிச் சில்லுகளைக் கழற்றுவது, அமிலத்தில் முக்கித் தங்கம் பிரிப்பது எல்லாம் திறந்தவெளியில் வெறுங்கையால் நடந்தன. குய்யூவின் குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருந்ததை ஆய்வுகள் காட்டின. அக்போக்ப்ளோஷியின் பழைய சாமான் சந்தையை 2021இல் அரசு இடித்துத் தள்ளியது.

அபாயகரமான கழிவு நாடு விட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989இல் ஏற்கப்பட்டு 1992இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஜனவரி 1 முதல், அபாயகரமானதோ இல்லையோ, எல்லா மின்கழிவும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டது. பெறும் நாட்டின் முன்சம்மதம் இல்லாமல் கப்பலேற்றக் கூடாது. ஆனாலும், "இன்னும் ஓடக்கூடிய பழைய பொருள்" என்று சீட்டு ஒட்டி அனுப்பும் தந்திரம் சட்டத்தைவிட வயதில் மூத்தது.

வெளிநாட்டுக்குப் போனாலே தவறு என்று சொல்லவில்லை. மின்சுற்றுப் பலகையிலிருந்து தங்கத்தையும் பல்லேடியத்தையும் நல்ல முறையில் பிரிக்கும் பெரிய உருக்காலைகள் உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன: பெல்ஜியத்தின் ஹோபோக்கன், சுவீடனின் ரோன்ஷார், ஜப்பானின் கொசாகா போன்றவை. உங்கள் ஊர் மையம் நேர்மையானதாக இருந்தாலும் பலகைகளை அப்படி ஓர் இடத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். எங்கே அனுப்புகிறோம் என்பதைத் தயங்காமல் சொல்கிறார்களா என்பதுதான் எனக்கு முக்கியம்.

அப்படியானால் நல்ல மையம் என்று எப்படி அடையாளம் காண்பது?

அரசின் உரிமம் அடிப்படைத் தேவை. உரிம எண்ணைக் கேட்டு வாங்கிப் பட்டியலில் சரிபாருங்கள். அதற்கு மேல் தனியார் தரச்சான்றுகள் இருக்கின்றன. ஆர்2, இ-ஸ்டூவர்ட்ஸ் இரண்டும் பரவலாக அறியப்பட்டவை. பொருள் அடுத்தடுத்து யார் கைக்குப் போகிறது என்பதற்கும் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று இரண்டுமே கேட்கின்றன. சான்று பெற்ற நிறுவனங்களைத் தேடிப் பார்க்க இரண்டுக்கும் இணையதளத்தில் வசதி உண்டு. சுவரில் தொங்கும் சான்றிதழைவிட அங்கே பெயர் இருக்கிறதா, காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதே கணக்கு.

காகிதங்களுக்கு அப்பால், ஒரு நிமிடம் அந்த இடத்தைப் பாருங்கள். பேட்டரிகளைத் தனியாக, மூடிய கொள்கலனில் வைத்திருக்கிறார்களா? குழாய் டிவிகள் மழையில் உடைந்து கிடக்கின்றனவா? போன்கள் பூட்டிய பெட்டிக்குள் விழுகின்றனவா, அல்லது யார் வேண்டுமானாலும் கைவிட்டு எடுக்கும்படி திறந்த அட்டைப்பெட்டியில் கிடக்கின்றனவா? பேட்டரியைத் திறந்த சாக்கில் கொட்டி வைத்திருக்கும் இடத்தில் நான் எதையும் கொடுக்க மாட்டேன், எத்தனை சான்றிதழ் காட்டினாலும்.

வீட்டு வாசலுக்கே வரும் பழைய சாமான் வியாபாரியிடம் கொடுக்கலாமா? அவர் பணமும் தருகிறாரே?

சங்கடமான கேள்வி. அவர் நம் எல்லோரையும்விட அதிகமாகப் பொருளைக் குப்பைமேட்டிலிருந்து காப்பாற்றியிருப்பவர். ஓடும் பொருளைச் சரிசெய்து இன்னொருவருக்கு விற்பதிலும், இரும்பு, அலுமினியம் பிரிப்பதிலும் அவரை மிஞ்ச ஆளில்லை. சிக்கல் தொடங்குவது பலகையிலும் பேட்டரியிலும் படக்குழாயிலும்தான். லாபம் வரும் பாகம் எடுக்கப்படும். லாபமில்லாத, நஞ்சுள்ள பாகம் ஏதோ ஓர் ஓடைக்கரையில் கொட்டப்படும். அதில் மூச்சுவிடப் போவதும் பெரும்பாலும் அவரைப் போன்ற ஒருவர்தான்.

என் வழக்கம் இது: மின்விசிறி, இரும்பு உறை, ஓடும் நிலையில் உள்ள சாமான் ஆகியவற்றை அவரிடம் கொடுப்பேன். பேட்டரி, திரை, கணினி, போன் ஆகியவற்றைக் கொடுக்க மாட்டேன். அங்கீகரிக்கப்பட்ட ஆலைக்குச் சரக்கு கொடுக்கும் வியாபாரிகளும் சில இடங்களில் இருக்கிறார்கள். உங்களுக்கு வருபவர் அப்படிப்பட்டவரென்றால் எல்லாவற்றையும் அவரிடமே கொடுங்கள்.

புதுப் போன் வாங்கும்போது பழையதை மாற்றிக்கொடுக்கும் சலுகை நல்லதா?

ஓடும் போனுக்கு நல்லது. அது பெரும்பாலும் இன்னொருவர் கைக்குப் போகும். உடைந்த போனையும் அதே சலுகையில் வாங்கினால், எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள்.

என் படங்களும் கடவுச்சொற்களும் உள்ளே இருக்கின்றன. எப்படி அழிப்பது?

மையத்தை நம்பாதீர்கள், வீட்டிலேயே அழித்துவிட்டு வாருங்கள். மையத்தில் அழிப்பதை இரண்டாவது பூட்டாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய நிதி நிறுவனம் பழைய கணினிகளை அப்புறப்படுத்தும் வேலையை, தரவு அழிப்பில் அனுபவமே இல்லாத வீட்டுச்சாமான் இடமாற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. வாடிக்கையாளர் விவரங்களோடு அந்த வட்டுகள் சில இணைய ஏலத்தில் விற்பனைக்கு வந்தன. 2022இல் அபராதம் 3.5 கோடி டாலர்.

போன் என்றால் வரிசை முக்கியம். முதலில் நகல் எடுங்கள். அடுத்து, இருபடிச் சரிபார்ப்புக் குறியீடு தரும் செயலியைப் புதுப் போனுக்கு மாற்றுங்கள். இதை மறந்துவிட்டுப் பழைய போனை அழித்தவர்கள் மின்னஞ்சலுக்குள் நுழைய வழியில்லாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். பிறகு கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இல்லையென்றால் திருட்டைத் தடுக்கும் பூட்டு போனிலேயே தங்கிவிடும். நன்றாக ஓடும் போன்கூட யாருக்கும் பயன்படாமல் உடைக்கத்தான் போகும். அதன் பிறகு ஆலை நிலைக்கு மீட்டமைத்து (ஃபேக்டரி ரீசெட்), சிம்மையும் நினைவக அட்டையையும் கழற்றுங்கள். ஐபோன்களிலும், 2015க்குப் பிந்தைய பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களிலும் உள்ளிருக்கும் தரவு மறையாக்கப்பட்டிருப்பதால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டிருப்பதால், மீட்டமைத்தாலே சாவி அழிந்து மிச்சம் வெறும் இரைச்சலாகிவிடும். அதற்கு முந்தைய ஆண்ட்ராய்டு என்றால், அமைப்புகளில் மறையாக்கத்தை இயக்கிவிட்டுப் பிறகு மீட்டமையுங்கள்.

கணினியில், வட்டு எந்த வகை என்று முதலில் பாருங்கள். சுழலும் பழைய வன்வட்டு என்றால், முழுவதையும் ஒரு முறை மேலெழுதினால் போதும். ஏழு முறை அழிக்க வேண்டும் என்ற நம்பிக்கை பழங்காலத்து வட்டுகளின் மிச்சம். "விரைவு ஃபார்மட்" எதையும் அழிப்பதில்லை; புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழித்துப்போட்ட மாதிரிதான். திடநிலை வட்டு (எஸ்.எஸ்.டி.) என்றால் மேலெழுதுவதை நம்ப முடியாது. தேய்மானத்தைச் சமன்செய்ய அது தரவை வேறு இடங்களுக்கு நகர்த்திக்கொண்டே இருக்கும். வட்டைத் தயாரித்தவர் தரும் பாதுகாப்பு அழிப்பு வசதியைப் பயன்படுத்துங்கள். காந்தம் திடநிலை வட்டை ஒன்றும் செய்யாது.

பலர் மறக்கும் இடங்கள்: அலுவலக நகலெடுப்பானுக்குள் இருக்கும் வன்வட்டு, வீட்டு ரூட்டரில் பதிந்த கடவுச்சொல், கணக்குகள் திறந்தபடியே இருக்கும் ஸ்மார்ட் டிவி.

போன் உயிரோடு இல்லை. திரையே எரியவில்லை. அழிப்பது எப்படி?

இணையத்தில் வேறு கருவியிலிருந்து உங்கள் கணக்குக்குள் போய் அந்தப் போனை நீக்குங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். பிறகு போனைப் பூட்டிய பெட்டி உள்ள இடத்தில், அல்லது உங்கள் கண்முன்னே உடைத்துக் காட்டும் இடத்தில் கொடுங்கள். நீங்களே சுத்தியால் அடிக்கவோ துளையிடவோ வேண்டாம். உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி.

பேட்டரியைப் பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பயமுறுத்துகிறார்கள்?

காரணம் இருக்கிறது. லித்தியம்-அயன் பேட்டரியை நசுக்கினாலோ துளைத்தாலோ உள்ளுக்குள் குறுக்குச்சுற்று ஏற்பட்டு, வெப்பம் தன்னைத்தானே ஊதிப் பெருக்கிக்கொள்ளும். குப்பை லாரி செய்யும் வேலையே நசுக்குவதுதான். லாரியிலும் குப்பை பிரிக்கும் கூடத்திலும் பற்றும் தீ இன்று உலகம் முழுவதும் கழிவுத்துறையின் பெரிய தலைவலி. அணைத்த பிறகு திரும்பப் பற்றுவதும் உண்டு.

கழற்றக்கூடிய பேட்டரியைக் கழற்றி, முனைகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போடுங்கள். கழற்ற முடியாததை நெம்பாதீர்கள். கருவியோடு அப்படியே கொடுங்கள்.

உப்பிய பேட்டரி தனி இனம். சார்ஜ் செய்யாதீர்கள், அழுத்தாதீர்கள், காற்றை வெளியேற்றுகிறேன் என்று குத்தாதீர்கள். தீப்பற்றாத பாத்திரத்தில் உலர்ந்த மணலுக்கு நடுவே வைத்து, வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள். முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிட்டு நேரில் கொண்டுபோங்கள். அஞ்சலிலோ கூரியரிலோ அனுப்பவே கூடாது. சேதமடைந்த லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றத் தடை இருக்கிறது. முகாமில் ஒருவர் உப்பிய பேட்டரியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். அன்றைக்கு நாங்கள் மேசையை விட்டு விலகிய வேகம் ஓட்டப்பந்தயத்துக்குத் தகும்.

டிவி, குளிர்பதனப் பெட்டி, விளக்குகள்?

முதுகு புடைத்த குழாய் டிவியின் கண்ணாடியில் ஈயம் கிலோக் கணக்கில் கலந்திருக்கும். புதிய படக்குழாய் செய்வது நின்றுபோனதால் அந்தக் கண்ணாடியை வாங்குவாரும் இல்லை. பல மையங்கள் டிவியை மறுப்பதும் கட்டணம் கேட்பதும் இதனால்தான். உடைக்காமல், திரைப்பக்கத்தை மார்போடு அணைத்துத் தூக்குங்கள். எடை முழுக்க முன்பக்கத்தில்தான் இருக்கும். எல்.இ.டி. வருவதற்கு முந்தைய எல்.சி.டி. தட்டைத் திரைகளுக்குள் பாதரசக் குழல்விளக்குகள் இருக்கின்றன. அவற்றையும் நீங்களே பிரிக்க வேண்டாம்.

பழைய குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த குளிர்விக்கும் வாயுவை ஓசோன் படலத்துக்காக 1987ஆம் ஆண்டு மொன்றியல் உடன்பாடு கட்டுப்படுத்தியது. அதே வாயு புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 10,000 மடங்குக்கும் மேல் வலியது. குழாயை வெட்டினால் ஒரே நொடியில் வெளியே போய்விடும். வாயுவை உறிஞ்சி எடுக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

சுருள் வடிவச் சிக்கன விளக்கில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடையாமல் அட்டையில் சுற்றிக் கொடுங்கள். புகை எச்சரிக்கைக் கருவிகளில் ஒரு வகைக்குள் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கத் தனிமம் மிகச் சிறிதளவு இருக்கும். இதைத் திறக்க வேண்டாம். தயாரிப்பாளருக்கோ உள்ளாட்சியின் அபாயக் கழிவுப் பிரிவுக்கோ கொடுக்க வேண்டும்.

நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதற்குக் கட்டணம் வேறா?

கோபம் நியாயமானது. ஆனால் யாராவது ஒருவர் எங்காவது கட்டித்தான் இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் பொருளை வாங்கும்போதே மறுசுழற்சிக் கட்டணம் விலையோடு சேர்ந்துவிடும். பிறகு கொடுப்பது இலவசம். ஜப்பானில் 2001 முதல் டிவி, குளிர்பதனப் பெட்டி போன்ற பெரிய சாதனங்களுக்கு அப்புறப்படுத்தும்போது உரிமையாளர் கட்டுகிறார். தயாரிப்பாளர் பொறுப்புச் சட்டம் உள்ள இடங்களில் அது விலைக்குள் கலந்திருக்கிறது. எனக்குச் சந்தேகம் வருவது வேறு இடத்தில்: எல்லாவற்றையும், குழாய் டிவியைக்கூட, இலவசமாக எடுத்துக்கொண்டு மேலே பணமும் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், நஷ்டத்தை அவர் எங்கே இறக்கி வைக்கிறார் என்று யோசிப்பேன்.

இன்னும் ஓடுகிறது. மறுசுழற்சிக்குக் கொடுப்பது வீணல்லவா?

வீண்தான். சரிசெய்வது, யாருக்காவது கொடுப்பது, அதற்குப் பிறகே உடைப்பது. ஆனால் கொடை என்ற பெயரில் குப்பையைத் தள்ளாதீர்கள். பாதுகாப்பு மேம்பாடுகள் நின்றுபோன பத்து வயதுக் கணினியைப் பள்ளிக்குக் கொடுத்தால், நீங்கள் தவிர்த்த அலைச்சலை அவர்கள் தலையில் கட்டுகிறீர்கள். தேவையா என்று கேட்டு, சார்ஜரோடு, அழித்துச் சுத்தமாக்கிக் கொடுங்கள்.

பலகையிலிருந்து தங்கத்தை வீட்டிலேயே எடுக்கலாமா? வீடியோக்கள் இருக்கின்றனவே?

கூடாது. அந்த அமிலங்களிலிருந்து கிளம்பும் புகை நுரையீரலைப் பொசுக்கும். மிஞ்சும் கரைசலை எந்தச் சாக்கடையில் ஊற்றினாலும் குற்றம். கிடைக்கும் தங்கம் அமிலத்தின் விலையைக்கூட ஈடுகட்டாது.

எங்கள் பகுதியில் எந்த மையமுமே இல்லை. என்ன செய்வது?

சேர்த்து வைப்பதுதான் வழி, தவறில்லை. ஒயர், சார்ஜர், விசைப்பலகை போன்றவை ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரியுள்ள பொருட்களை மட்டும் தனியாக, குளிர்ந்த உலர்ந்த இடத்தில், முழுச் சார்ஜில் இல்லாமல் வைத்து, சில மாதங்களுக்கு ஒரு முறை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

அக்கம்பக்கத்து வீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு போனுக்கு எந்த ஆலையும் வண்டி அனுப்பாது; ஒரு தெருவின் சாமான் முழுவதும் ஓரிடத்தில் இருக்கிறது என்று சொன்னால் பேச்சே மாறும். குறைந்தபட்சம் எத்தனை கிலோ இருந்தால் வருவார்கள் என்று அழைக்கும்போதே கேட்டுவிடுங்கள். எண்ணைச் சொல்வார்கள், பெரும்பாலும் நாம் பயப்படும் அளவுக்கு அது பெரிதாக இருப்பதில்லை.

கொடுத்ததற்கு ரசீது வேண்டுமா?

வீட்டுச் சாமானுக்கு அவசியமில்லை, தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அலுவலகக் கணினிகள் என்றால் ரசீது இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட வெளியே அனுப்பாதீர்கள். ஒவ்வொரு வட்டின் வரிசை எண்ணும் அழிப்புச் சான்றில் இருக்க வேண்டும். "40 கணினிகள் பெறப்பட்டன" என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் சான்றால் பயனில்லை; நாளைக்கு ஒரு வட்டு எங்கோ ஏலத்தில் தலைகாட்டினால், அது உங்களுடையதா இல்லையா என்று அந்தக் காகிதத்தை வைத்துச் சொல்லவே முடியாது.

அவசரத்துக்கு ஆகும் என்று ஒரு பழைய போனை வைத்திருக்கிறேன். கொடுத்துவிட வேண்டுமா?

இன்று அதைச் சார்ஜில் போட்டுப் பாருங்கள். எரிந்து, அழைப்பும் போனால் வைத்துக்கொள்ளுங்கள். என் இழுப்பறையில் அப்படி மூன்று இருந்தன. இரண்டு எரியவே இல்லை, மூன்றாவதின் முதுகு லேசாகப் புடைத்திருந்தது.